தேன்குரல் ஒரு பாடகர் ஆவார்

"எவம்மா அவன்?" என்று மாடி வீட்டுக்காரர் கேட்டபோது அவள் வாயில் பல் தேய்க்கும் பிரஷ் இருந்தது. உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நுரையோடு தலையை மட்டும் ஆட்டி வைத்தாள்.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் கீழ்வீட்டுக் கதவைக் காலங்காத்தால் தட்டினால், ஒன்று குழாய் சொட்டுகிறது என்று அர்த்தம். இல்லையென்றால் மாடிப்படி விளக்கை யாரோ அணைக்கவில்லை என்று அர்த்தம். இன்றைக்கு இரண்டும் இல்லை. கைப்பேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.

"படி. நீயே படிச்சுப் பாரு. எவனோ கத்தரிக்கோலாம்!"

திரையில் ஒரு சிவப்புப் பெட்டி. அதற்குள், 'இக்கட்டுரை குறிப்பிடத்தக்கவர் அல்லாத ஒருவரைப் பற்றியது எனக் கருதி நீக்கலுக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. பரிந்துரைத்தவர்: கத்தரிக்கோல்' என்று எழுதியிருந்தது.

அவள் நுரையை விழுங்கிவிட்டாள். கத்தரிக்கோல் அவள்தான்.

பகலில் அவள் ஒரு பல் கூடத்தில் பொய்ப்பல் செட் செய்பவள். ஊரில் பாதிப் பேரை அவளுக்கு முகத்தால் தெரியாது, தாடையால் தெரியும். சாயங்காலம் வீடு திரும்பினால் இணையக் கலைக்களஞ்சியத்தில் உட்கார்ந்துவிடுவாள். சம்பளமில்லாத வேலை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இடத்தில், எழுதக்கூடாததை எழுதியவர்களை வெளியே அனுப்புகிற பொறுப்பு. தன் மாமாவைப் பற்றி எழுதியவர்கள், தன் நாயைப் பற்றி எழுதியவர்கள், தன்னைப் பற்றியே 'இவர் ஓர் ஈடு இணையற்ற மேதை' என்று எழுதியவர்கள் எல்லோரும் அவள் கைக்குத்தான் வந்து சேருவார்கள். அடுப்பில் குக்கர் விசில் அடிப்பதற்குள் ஒரு கட்டுக் கட்டுரைகளைத் தீர்த்துக்கட்டிவிட்டு எழுந்து வருவாள். அங்கே அவளுக்குப் பெரிய மரியாதை. புதியவர்களுக்குக் கிலி.

நேற்றுச் சாயங்காலம் அப்படித் தீர்த்துக்கட்டியவற்றில் ஒன்று இது. இப்போது மறுபடி படித்துப் பார்த்தாள்.

'தேன்குரல் ஒரு பாடகர் ஆவார். இவர் பாடிய இசைத்தட்டு வெளிவந்து மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. இவர் எளிமையானவர். பொறுமைசாலி. கோபமே வராதவர். இவர் கையால் ஒரு வாய் சாப்பிட்டவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.'

"ஐயா, இந்தத் தேன்குரல்..." என்று இழுத்தாள்.

"நம்ம பாட்டும்மா! நம்ம கட்டுரை! ஒத்தை விரலால தட்டித் தட்டி நானே எழுதினது. கண்ணாடி போட்டா எழுத்து தெரியுது, விசை தெரியல. கழட்டினா விசை தெரியுது, எழுத்து தெரியல. அந்தப் பாடுபட்டு எழுதினதை இந்தப் பய கத்தரிக்கோல்..."

அவருக்கு இருமல் வந்துவிட்டது. இரும்பு கேட்டைத் தரையில் இழுப்பது போன்ற குரல். இந்தத் தொண்டையிலா ஒரு காலத்தில் தேன் இருந்தது? 'கோபமே வராதவர்' என்று தன்னைப் பற்றி எழுதிக்கொள்ள ஒரு மனிதருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? குழாய் சொட்டியதற்காக அவர் போன வாரம் கத்தியதில் எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் குழாயை மூடிக்கொண்டார்கள்.

"நீ கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு. அவன் யாரு, எங்கே இருக்கான்னு கண்டுபிடிச்சுக் குடு. போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"சரிங்க ஐயா" என்றாள். வேறென்ன சொல்வது?

உள்ளே வந்ததும் கணவனிடம் சொன்னாள். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, எந்தக் கெட்ட சேதி கேட்டாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இப்போதும் அழுத்தியது.

"இந்த மாசம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இந்த வீடு கிடைக்கறதுக்கு முன்னாடி எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினோம்? அதுவும் ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க! பேசாம இருங்க. பரிந்துரையை நானே திரும்ப வாங்கிட்டா முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது."

அப்படித்தான் நினைத்தாள்.

*

பல் கூடத்தில் மெழுகு உருகிக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பேசியைத் திறந்தாள். உரையாடல் பக்கத்தில் ஏற்கெனவே ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள்.

'கத்தரிக்கோல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நீக்குக' என்று 'கறார்' என்பவர் எழுதியிருந்தார். அதன் கீழே, 'வழிமொழிகிறேன்' என்று 'முற்றுப்புள்ளி'. இந்த முற்றுப்புள்ளிதான் அங்கே மூத்தவர். எந்த விவாதத்தையும் முடித்து வைப்பவர் அவர். ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது என்று ஒருவருக்கும் தெரியாது. விதி எண் மட்டும் சொல்வார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'மறுபரிசீலனைக்குப் பின் என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.'

கையில் இருந்த செட்டில் ஒரு பல்லைப் பதித்து முடிப்பதற்குள் முற்றுப்புள்ளியின் பதில் வந்தது.

'பிறர் வாக்களித்த பின் பரிந்துரையைத் திரும்பப் பெற இயலாது. பார்க்க: நீக்கல் விதிகள். இவ்விதியை இயற்றியவர் தாங்களே.'

அவளேதான். போன வருடம் ஒரு மழை நாளில் உட்கார்ந்து, ஒருவர் கூடத் தப்பிக்க முடியாதபடி ஓட்டையெல்லாம் அடைத்து எழுதியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"என்னம்மா இது?" என்று முதலாளி பின்னாலிருந்து கேட்டார். அவர் கையில் அவள் செய்த செட் இருந்தது. முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடைவாய்ப்பல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு அந்த மனுஷன் சிரிச்சா வீட்டுல குழந்தைங்க இருக்குமா?"

*

மிச்சம் இருந்தது ஒரே வழி. கட்டுரையைக் காப்பாற்றச் சான்று வேண்டும். சாயங்காலம் மாடிக்குப் போனாள்.

வீட்டுக்காரர் ஏற்கெனவே மேசை நிறைய பரப்பி வைத்திருந்தார். ஓரத்தில் வீட்டுக்காரரின் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத அம்மாள். கீழ்வீட்டுக்கு வந்து அவர் கத்திவிட்டுப் போனால், பின்னாலேயே வந்து எதுவும் சொல்லாமல் ஒரு கிண்ணம் நிறைய ஏதாவது கொடுத்துவிட்டுப் போகிறவள்.

"ஐயா, சான்றுன்னா மூணாவது மனுஷங்க எழுதினதா இருக்கணும். நீங்க சொன்னா செல்லாது."

"நான் சொன்னா செல்லாதா? பக்கத்துல இருந்து பாத்தவன் நான்தானே?"

"அதனாலதான் செல்லாது."

"என் தம்பி சொன்னா?"

"சொந்தக்காரங்க செல்லாது."

"கூடப் படிச்சவங்க?"

"பழகினவங்க யாருமே செல்லாதுங்க."

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப தெரிஞ்சவன் சொன்னா செல்லாது. ஒண்ணுமே தெரியாதவன் சொன்னா செல்லும்?"

"அதேதாங்க ஐயா."

"அடேங்கப்பா! இதை நடத்தறது யாரு? அந்தக் கத்தரிக்கோலா?"

அவள் மேசையில் கிடந்த இசைத்தட்டை எடுத்தாள். நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில் சாயம் போன எழுத்தில் 'பாடியவர்: தேன்குரல்' என்றிருந்தது. வேறு விவரம் இல்லை.

"இது எங்கே பதிவு பண்ணினது? எந்தக் கம்பெனி?"

வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. நெஞ்சு ஒரு சாண் முன்னால் வந்தது. "கம்பெனி எல்லாம் இப்ப இல்லைம்மா, மூடிட்டாங்க. ஆனா இது எங்க வீட்டுல பாடினது!"

"வீட்டுலயா?"

"ஆமா! வேற யாரு? எங்க வீட்டுலதான்!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாள் வெட்கப்பட்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப எதுக்கு அதெல்லாம்? விடுங்களேன்" என்றாள்.

"நீ சும்மா இரு. விடறதாம்ல!"

"இதைப் போட்டுக் கேக்க முடியுமா ஐயா?"

"பெட்டி கெட்டுப்போய் எவ்வளவோ வருஷம் ஆச்சு. ஊசி கிடைக்கல."

சரி, கேட்டு என்ன ஆகப்போகிறது? பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது கலைக்களஞ்சியத்துக்கு முக்கியமில்லை. நன்றாக இருக்கிறது என்று யாராவது அச்சில் சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். அவள் கீழே வந்து, தன் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு, உரையாடல் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி, பெயர் போடாமல் எழுதினாள்: 'இசைத்தட்டு இருப்பது உறுதி. வீட்டிலேயே பதிவு செய்யப்பட்டதாகத் தெரிகிறது.'

கறார் காத்துக்கொண்டிருந்தவர் போலப் பாய்ந்தார். 'வீட்டில் பாடியவரெல்லாம் பாடகர் என்றால் குளியலறையில் பாடும் அத்தனை பேருக்கும் கட்டுரை எழுத வேண்டியிருக்கும். அழுத்தமாக நீக்குக.'

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் அதையும் படித்துவிட்டார். குளியலறை என்ற சொல்லை உரக்கச் சொல்லிக்கொண்டே மாடியில் அவர் நடந்த நடையில் கீழ்வீட்டுக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

*

"பேப்பர்ல வந்தா செல்லும்ல?" என்றான் கணவன்.

"செல்லும். ஆனா யாரு போடுவாங்க?"

"என்கிட்ட வண்டி கத்துக்கற ஒருத்தன் நம்ம வட்டாரப் பேப்பர்ல நிருபரா இருக்கான். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா அழுவான். நான் ஒரு வார்த்தை சொன்னா வருவான்."

வந்தான். குறிப்பேடும் கேமராவுமாக, மிகுந்த உற்சாகத்தோடு வந்தான். வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு மூலையில் நின்றாள். தனக்குத் தெரிந்தவர் மூலம் செய்தி வரவழைப்பது எந்த விதியின் கீழ்க் குற்றம் என்று அவளுக்குத் தெரியும். அதையும் எழுதியது அவள்தான்.

"ஐயா, முதல்ல அந்தப் பாட்டை ஒரு வரி பாடிக் காட்டுங்களேன்."

"நானா?" வீட்டுக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "விளையாடாதீங்க தம்பி."

"சும்மா ஒரே ஒரு வரி."

"தம்பி, எனக்கு அதெல்லாம் வராது."

நிருபர் 'தன்னடக்கம்' என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

"முதல் முதலா மேடையில பாட்டு அரங்கேறின நாள் எப்படி இருந்துச்சு?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! கையும் ஓடல, காலும் ஓடல எனக்கு. பாட்டு முடியற வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவே இல்லை."

"கண் மூடி, மெய் மறந்து..." என்று நிருபர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். "அப்புறம் ஏன் பாட்டு நின்னுடுச்சு?"

வீட்டுக்காரர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார்.

"குடும்பம்னு ஆயிடுச்சு தம்பி. பிள்ளைங்க, வீடு, என் வேலை. எப்ப நின்னுச்சுன்னுகூடச் சரியா தெரியல. நின்னிருக்கக் கூடாது." கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதான், எங்கேயாவது ஒரு இடத்துல பேரு இருக்கட்டுமேன்னு..."

மூலையில் நின்றவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இத்தனை நாள் ஒரு சிவப்புப் பெட்டிக்குள் அடைத்த பெயர்களுக்குப் பின்னால் யாராவது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. எப்படியாவது காப்பாற்றியே தீர வேண்டும் என்று அப்போது நிஜமாகவே நினைத்தாள். வீட்டுக்காக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. பாதிப் பக்கம். வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விரலை உயர்த்திக்கொண்டு நிற்கிற பெரிய படம். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு:

'யாருக்கும் தெரியாத பாடகர்!'

வீட்டுக்காரரின் மனைவி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"படம் நல்லா வந்திருக்கு" என்றாள்.

"என் படத்தை எவன் கேட்டான்?" என்று வீட்டுக்காரர் குதித்தார். "தலைப்பைப் பாத்தியா? தலைப்பை!"

கலைக்களஞ்சியத்திலும் பார்த்துவிட்டார்கள். முற்றுப்புள்ளி மிக நிதானமாக எழுதியிருந்தார்: 'நம்பகமான மூன்றாம் தரப்புச் சான்று கிடைத்துள்ளது. அதன்படி இவர் யாருக்கும் தெரியாதவர் என்பது ஐயமின்றி நிறுவப்படுகிறது. நீக்குக.'

*

அதற்கப்புறம் வீட்டுக்காரர் யாரையும் நம்பவில்லை. தானே களத்தில் இறங்கினார்.

அடுத்த விடுமுறை நாளில் மாடியில் ஒரே கூட்டம். தம்பி, தம்பி மனைவி, கொழுந்தியாள், அவள் பிள்ளைகள், ஒன்றுவிட்டவர்கள், ரெண்டுவிட்டவர்கள் எல்லோரும் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரிசையாக உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தார்கள். வீட்டுக்காரர் வைஃபை கடவுச்சொல்லை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். கீழே அவள் தன் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாக்குகள் மழை மாதிரி விழுந்தன.

'தேன்குரல் வாழ்க!'

'இருக்கட்டும். இருந்துவிட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன நஷ்டம்?'

'சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பாடினவர் தேன்குரல். அழித்தால் பாவம் உங்களைச் சும்மா விடாது.'

ஒருவர் மட்டும் 'உடனே நீக்குக' என்று எழுதியிருந்தார். அந்தச் சிவப்புப் பெட்டியை நீக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டாராம். அது மாடியில் தெரிந்து, அவருக்கு விழுந்த திட்டு கீழே வரைக்கும் கேட்டது.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். எத்தனை பேர் எழுதினாலும் அத்தனையும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து போகிறது. ஒரே ஆள் பல முகமூடி போட்டுக்கொண்டு வந்தால் அதற்குக் கைப்பாவைக் கணக்குகள் என்று பெயர். அதைக் கண்டுபிடிக்கக் கலைக்களஞ்சியத்தில் தனிப் பிரிவே உண்டு. கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கட்டும், கட்டுரை போகும், அவ்வளவுதானே?

சட்டென்று இன்னொன்று உறைத்தது. வாடகையோடு இணைய இணைப்பும் சேர்த்தி. அவளும் இத்தனை வருடமாக அதே இணைப்பில்தான் இருக்கிறாள்.

மறுநாள் பல் கூடத்தில் கைப்பேசி துடித்தது. முற்றுப்புள்ளி வழக்கத்துக்கு மாறாக நீளமாக எழுதியிருந்தார்.

'விசாரணை முடிவு. ஆதரவாக வாக்களித்த அனைவரும், நீக்கப் பரிந்துரைத்த கத்தரிக்கோலும், ஒரே இடத்திலிருந்து இயங்குவது கண்டறியப்பட்டது. அழிக்கச் சொன்னவரும் இவரே. காக்க வந்த கூட்டமும் இவரே. தன்னோடு தானே இவ்வளவு ஆவேசமாகச் சண்டையிட்ட ஒருவரை நம் கலைக்களஞ்சிய வரலாறு கண்டதில்லை. கத்தரிக்கோலின் நிர்வாக உரிமை பறிக்கப்படுகிறது. கட்டுரை நீக்கப்படுகிறது. விவாதம் முற்றும்.'

அதன் கீழே கறார் எழுதியிருந்தார்: 'ஆழ்ந்த அதிர்ச்சி. தலைவரே, நல்லா தூங்குங்க. எல்லாம் சரியாகும்.'

அவள் மெழுகு அடுப்பை அணைத்துவிட்டு, அரை நாள் விடுப்புக் கேட்டாள். முதலாளி முந்தைய செட்டை நினைத்துப் பார்த்து உடனே கொடுத்துவிட்டார்.

*

வீட்டு வாசலில் வேறு விதமான குழப்பம் காத்திருந்தது. கணவன் படியில் நின்றான். வீட்டுக்காரர் அவன் எதிரில் நின்றார். அவரும் விசாரணை முடிவைப் படித்துவிட்டிருந்தார்.

"வா, வா" என்றார் அவளிடம். "கட்டுரையைத் தூக்கிட்டாங்க. தெரியுமா? தூக்கிட்டாங்க. அது போகட்டும். அந்தக் கத்தரிக்கோல் நம்ம வீட்டு இணைப்புலேர்ந்துதான் வந்திருக்கானாம். நம்ம வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கான்! மாடியில நான் இல்லை. என் சம்சாரத்துக்கு இதெல்லாம் தெரியாது. கீழே நீ பாவம், எனக்கு உதவி பண்ண அலைஞ்சவ." மெதுவாகத் திரும்பி அவள் கணவனைப் பார்த்தார். "மிச்சம் யாரு?"

கணவனின் வலது கால் படியை அழுத்தியது.

"முழியைப் பாரு" என்றார் வீட்டுக்காரர். "அந்தப் பேப்பர்காரனைக் கூட்டிட்டு வந்ததும் இவன்தான்!"

கணவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆமாங்க ஐயா. நான்தான் கத்தரிக்கோல். மன்னிச்சிடுங்க" என்றான்.

"பாத்தியா! பாத்தியா!"

"இல்லைங்க ஐயா" என்றாள் அவள். "இவருக்கு ஒரு வரி கூடத் தப்பில்லாம எழுத வராது. வாங்க, மாடியில உக்காந்து பேசலாம்."

மாடியில் அம்மாள் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். தான்தான் கத்தரிக்கோல் என்று, குக்கர் விசிலுக்குள் தீர்த்துக்கட்டியதை, திரும்ப வாங்க முடியாமல் போனதை, வீட்டில் பதிவு செய்தது என்று எழுதியதை, எல்லாவற்றையும். கடைசியில், "வீட்டைக் காலி பண்ணச் சொன்னா பண்ணிடறோம். ஆனா இவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் கூட எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் அவர் கத்தவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது.

"நீயா?" என்றார்.

"நான்தாங்க."

"எதுக்கும்மா? பாட்டு உனக்குப் பிடிக்கலையா?"

அவள் வாயைத் திறந்தாள். விதி எண் எத்தனையோ நாக்கு நுனியில் இருந்தது. எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"நான் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லைங்க ஐயா."

"கேட்டதே இல்லையா?"

"இல்லை. கறார் கேட்டதில்லை. முற்றுப்புள்ளி கேட்டதில்லை. பேப்பர்ல எழுதினவனும் கேட்டதில்லை."

வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர் போல இருந்தார். கணவன் கதவோரம் நின்று, எந்த நேரமும் அழுத்தத் தயாராக இருந்தான்.

"நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தா ஒரு கேள்வி" என்றார் கடைசியில். "கேக்காமலேவா இத்தனை பேர் சண்டை போட்டீங்க?"

"தப்புதாங்க ஐயா. பெரிய தப்பு." அவள் இப்போது தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கட்டுரையை என்னால திரும்பக் கொண்டுவர முடியாது. என் அதிகாரமும் போயிடுச்சு. ஆனா கேக்கறதுக்கு யார் அனுமதியும் வேண்டாமே. நான் இப்பக் கேக்கறேன். பெட்டி கெட்டுப்போனா என்ன, பாடினவர் இங்கேயேதானே இருக்கீங்க? ஐயா, எனக்காக, ஒரே ஒரு வரி பாடுங்க."

வீட்டுக்காரர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவள் கணவனைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார்.

அம்மாள் தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரைப் பாடச் சொல்லாதேம்மா, நாலு வீடு தள்ளி இருக்கிறவங்களும் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க" என்றாள். "தேன்குரல் நான்தான்."